முப்பத்து மூன்று மில்லிமீற்றர்

சைக்கிளோகுரொஸ் போட்டியில் ரயரின் அகலம் 33 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. உலக சைக்கிள் ஒன்றியமான யூசிஐயின் விதி அது. தொடக்கக் கோட்டில் நடுவரிடம் ஒரு சிறிய அளவுத்தகடு இருக்கும். அதன் வெட்டு ரயரின் மேல் தடையில்லாமல் இறங்கினால் போகலாம், இல்லாவிட்டால் அந்தச் சில்லோடு போக முடியாது. மலைச் சைக்கிளின் ரயர் இதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமானது. சேறு, மணல், உறைந்த புல், சரிந்த மேடு எல்லாவற்றையும் இந்த ஒடுங்கிய ரயரோடுதான் கடக்க வேண்டும். எங்கள் வீட்டில் கடந்த கோடை முழுக்க இதுதான் பேச்சு. சாப்பாட்டு மேசையில் 1,800 பிராங் காசும் இரண்டு பேரின் பிடிவாதமும் இருந்தன.

இந்த விளையாட்டைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீதிச் சைக்கிள் போலவே வளைந்த கைபிடி உள்ள சைக்கிளில், இலையுதிர் காலத்திலும் பனிக்காலத்திலும், வயல்களிலும் காட்டோரங்களிலும் ஓடும் போட்டி. ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரை கிலோமீற்றர் வரை இருக்கும். இடையில் 40 சென்ரிமீற்றர் உயரம் வரை பலகைத் தடைகள் வரும். படிகளும் ஏற முடியாத சேற்று மேடுகளும் வரும். அங்கெல்லாம் இறங்கிச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். 17, 18 வயது ஜூனியர்களுக்கு 40 நிமிடம், பெரிய ஆண்களுக்கு ஒரு மணித்தியாலம். சுவிஸ் ஜெர்மன் பேசுபவர்கள் இதை ‘க்வேர்’ என்கிறார்கள். குறுக்கே என்று பொருள்.

இன்று இந்த விளையாட்டின் தலைநகரம் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி. ஆனால் சுவிஸிலும் அதற்குப் பழைய வேர் உண்டு. அல்பேர்ட் ஸ்வைபெல் 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு முறையும், பிறகு 1986இல் ஒருமுறையும் உலகச் சம்பியனானவர். 1988இல் ஹேகன்டோர்பில் பாஸ்கல் றிஷார், 1995இல் எஷன்பாக்கில் டீற்றர் றுங்கெல் என்று சுவிஸ்காரர்கள் சொந்த மண்ணிலேயே வென்றிருக்கிறார்கள். கிராமத்துப் போட்டிகளில் சூப் விற்கும் முதியவர்கள் இந்தப் பெயர்களை இன்னும் சொல்லுவார்கள். நாங்கள் வந்து குடியேறிய ஊருக்கும் ஒரு ஊர்க்கதை இருக்கிறது என்பதை நான் அந்த சூப் வரிசைகளில்தான் அறிந்தேன்.

என் மகனுக்கு இது தொற்றியது 2020இல். சூரிச்சுக்குப் பக்கத்தில் டூபன்டோர்ப் விமானத் தளத்தில் உலகச் சம்பியன் போட்டி நடந்தது. அவனுக்கு அப்போது 11 வயது. பெப்ரவரி முதலாம் திகதி, சனிக்கிழமை, பெண்களின் போட்டியைப் பார்க்கப் போனோம். மைதானம் தட்டையானது. ஆனால் புல் சேறாகிச் சில்லை விடாமல் பிடித்தது. வென்றவர் நெதர்லாந்துக்காக ஓடிய சேலின் டெல் கார்மென் அல்வராடோ. டொமினிக்கன் குடியரசில் பிறந்து, ஐந்து வயதில் நெதர்லாந்துக்கு வந்தவர். அதை வீட்டுக்கு வந்து வாசித்தறிந்த மகன் “அம்மா, அவ அங்க பிறக்கேல்லையாம்” என்று மட்டும் சொன்னான். அடுத்த மாதங்களில் ஊர்க் கழகத்தில் சேர்ந்தான். இரவல் சைக்கிள், இரவல் சில்லு, யாரோ ஒரு பிள்ளைக்கு அளவில்லாமற்போன சப்பாத்து என்று சிறுவர் பிரிவு முழுக்க ஓடி முடித்தான்.

இப்போது ஜூனியர். இரவல் சில்லுகளைக் கழகம் அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அவன் தொழிற்பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். தன் ‘லேர்’ சம்பளத்தில் மிச்சம் பிடித்து 900 பிராங் கொண்டுவந்து வைத்தான். மீதி 900 என்னுடையது. கூடவே ஒரு ஒப்பந்தமும் செய்தோம். இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு போட்டியிலாவது முதல் 15 பேருக்குள் வராவிட்டால், இறுதிப் பரீட்சை முடியும்வரை க்வேரை விட்டுவிடுவது. சொன்னவன் அவன்தான். நான் தலையாட்டினேன்.

பேர்னில் இருக்கும் என் அண்ணா தொலைபேசியில் கேட்டார்: “சில்லுக்கு ஆயிரத்தெண்ணூறா? ஊரில அந்தக் காசுக்கு...” அந்த வசனத்தை அவர் முடிப்பதில்லை. எங்கள் தலைமுறையில் யாரும் முடிப்பதில்லை. “அண்ணா, பாதி அவன் உழைச்ச காசு” என்றேன். “அப்ப அவனே யோசிக்கட்டும்” என்றார். அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வழிகள் மூன்று. முதலாவது, நாம் எல்லோரும் அறிந்த ரியூப் போட்ட ரயர். விலை குறைவு, ஒட்டுப் போடுவது சுலபம். ஆனால் காற்றைக் குறைத்தால், கல்லிலோ வேரிலோ மோதும்போது றிம்முக்கும் தரைக்கும் இடையில் ரியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். அதைத் தவிர்க்க இரண்டு பாருக்கும் மேல் காற்று வைக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் 33 மில்லிமீற்றர் ரயர் ஈரப் புல்லில் சோப்புக்கட்டி போல வழுக்கும்.

யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலம் எரிபொருள் தடைக் காலம். சைக்கிள்தான் பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் அதே சைக்கிளில்தான். கரியரில் விறகோ அரிசி மூட்டையோ அம்மம்மாவோ இருப்பார். பெருவிரலால் அமுக்கினால் பணியாத ரயர்தான் நல்ல ரயர். சுமைக்கும் தார் வீதிக்கும் அது சரியான கணக்கு. க்வேரில் சுமை ஓட்டுபவன் மட்டும்தான், வீதியே இல்லை. கரடுமுரடான நிலத்தில் இறுகிய ரயர் ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்கிப் போடும். அந்தத் தூக்கலில் போகும் சக்தி, முன்னே போவதற்கான சக்தி. மெலிந்த காற்றுள்ள ரயர் அந்த மேட்டைத் தனக்குள் விழுங்கிக்கொண்டு உருளும். திருப்பத்தில் தரையோடு படியும் பரப்பும் கூடும். ஆகவே இங்கே கேள்வி, எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பதல்ல. எவ்வளவு குறைக்கத் துணியலாம் என்பதுதான்.

இரண்டாவது வழி ரியூபுலர். பெரும்பாலான பெரிய வீரர்கள் நெடுங்காலமாக நம்புவது அதைத்தான். பருத்தி நூலால் ஆன மெல்லிய உறைக்குள் ரியூபை வைத்துத் தைத்து, முழு ரயரையும் றிம்மில் பசையால் ஒட்டிவிடுவார்கள். றிம்மில் ரயரைக் கவ்வும் விளிம்பு இல்லாததால் நசுங்கும் ஓட்டை அரிது. ஒன்றேகால் பாருக்கும் கீழே போகலாம். காற்று முழுதாக இறங்கினாலும் ரயர் கழன்று போகாது, மெல்ல ஓட்டிச் சில்லு மாற்றும் இடம்வரை போய்விடலாம். டூகாஸ்ற், எப்எம்பி, சலஞ் என்ற பெயர்களைக் கழகத்துப் பெடியள் நாங்கள் சேலைக் கடைகளின் பெயர்களைச் சொன்ன பயபக்தியோடு சொல்லுவார்கள். பருத்தி உறையின் நெகிழ்வை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்தேன். பிட்டு அவிக்கும் துணிபோல மெதுமை. அந்தப் பயபக்தி எனக்கும் விளங்கியது.

ஆனால் ஒட்டுவது ஒரு தவம். றிம்மில் ஒரு பூச்சு, ரயரின் அடியில் ஒரு பூச்சு, ஒரு நாள் காய விட்டு மறுபடி ஒரு பூச்சு. பெல்ஜியக்காரர்கள் இடையில் பசை தோய்ந்த துணி நாடாவும் வைப்பார்கள். ஏனென்றால் குறைந்த அழுத்தத்தில் ரயரைப் பிடித்து வைத்திருப்பது பசை மட்டுமே. பிறகு பருத்தி ஈரத்தில் உக்கிப் போகாதிருக்கப் பக்கவாட்டில் ஒரு காப்புப் பூச்சு. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. கெல்லரில் எங்களுக்குள்ள பங்கு, இரண்டு சூட்கேஸும் ஒரு அரிசி மூட்டையும் வைக்கிற அளவு. பசையின் மணம் அங்கிருந்து உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனால் அடுத்த கிழமை கட்டடம் முழுக்கக் கடிதம் வரும். அதைவிடப் பெரிய தடை ஒன்றிருந்தது. ஒட்டிய ரயரைக் காலநிலை பார்த்து மாற்ற முடியாது. காய்ந்த நாளுக்கு ஒரு சோடிச் சில்லு, சேற்றுக்கு ஒரு சோடி, நடுத்தரத்துக்கு ஒரு சோடி என்று வைத்திருப்பவர்களுக்குத்தான் ரியூபுலர் முழுப் பலன் தரும். எங்கள் காசுக்கு ஒரு சோடி கார்பன் சில்லு வரும். அதில் ஒட்டும் ரயரோ ஒன்றே நூறு பிராங்குக்கு மேல்.

மகனின் கண் அந்தக் கார்பன் சில்லில்தான் இருந்தது. ஆழமான கார்பன் றிம் மணலில் கத்திபோல் இறங்கித் தடம் பிடிக்கும், சேற்றையும் சுலபமாக வழிய விடும். அவன் சொன்னதில் பொய் இல்லை. பெல்ஜியக் கடற்கரையில் கொக்ஸைட மணல்மேடுகளில் நடக்கும் போட்டியைப் பார்த்தால் விளங்கும். ஆனால் எங்கள் போட்டிகளில் மணல், கரப்பந்தாட்டத் திடலைக் கடக்கும் 20 மீற்றர்தான்.

நான் அவனுக்கு 2017 உலகச் சம்பியன் போட்டியின் காணொளியைப் போட்டுக் காட்டினேன். லுக்சம்பேர்க்கில் பீல்ஸ் என்ற ஊர். உறைந்த நிலம் இளகி, சேற்றுக்குள்ளிருந்து கூரான கற்கள் வெளியே வந்த நாள். மத்யூ வான் டெர் பூல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருக்குத் திரும்பத் திரும்பக் காற்று இறங்கியது. வௌட் வான் ஆர்ற் வென்றார். “பார், உலகத்திலேயே நல்ல சில்லு” என்றேன். “அவருக்குப் பிற்றில வேற சைக்கிள் நிண்டது அம்மா” என்றான். “உனக்கு?” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அந்த மௌனத்தில்தான் முடிவு பிறந்தது. ‘பிற்’ என்பது பாதையோரத்தில் சைக்கிளோ சில்லோ மாற்றுவதற்கென ஒதுக்கிய இடம். அங்கே மட்டும்தான் மாற்றலாம். அதைத் தாண்டிய பிறகு காற்று இறங்கினால் அடுத்த முறை பிற் வரும்வரை ஓட வேண்டும், அல்லது நொண்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். வசதியுள்ள வீடுகளில் அங்கே ஒரு முழுச் சைக்கிள் காத்திருக்கும். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் சேற்றுச் சைக்கிளை வாங்கி, தண்ணீர் பீச்சிக் கழுவி, மறுபடி கொடுப்பார்கள். எங்களிடம் ஒரே சைக்கிள். அப்படியென்றால் பிற்றில் காத்திருக்க இரண்டாவது சோடிச் சில்லு வேண்டும். ஆகவே ஒரு சோடிக் கார்பனுக்குப் பதிலாக இரண்டு சோடி அலுமினியம், மூன்றாவது வழியான ரியூப்லெஸ் முறையில்.

ரியூப்லெஸ்ஸில் ரியூப் இல்லை. ரயரின் விளிம்பு றிம்மில் காற்றுப் புகாமல் கவ்விக்கொள்ளும். உள்ளே ஒரு திரவம் ஊற்ற வேண்டும். இங்கே அதைப் பால் என்றுதான் சொல்லுகிறார்கள். முள் குத்தினால் அந்தப் பால் ஓடிவந்து உறைந்து துளையை அடைக்கும். கால் மணித்தியாலத்தில் ஒரு ரயரைக் கழற்றி வேறொன்று போடலாம். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. காற்றை மிகவும் குறைத்துச் சரிவில் சாய்த்துத் திருப்பினால், ரயரின் விளிம்பு ஒரு கணம் றிம்மை விட்டு விலகிக் காற்றை ஏப்பம் விடும். ஒரு ஏப்பத்தில் பாதிக் காற்றுப் போகலாம். அதனால் ரியூபுலரைவிடச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும்.

சில்லு வாங்கும்போது கவனித்தவை சில. புதிய றிம்களின் உள்ளகலம் கூடிக்கொண்டே போகிறது. 33 என்று அச்சிட்ட ரயரை அகலமான றிம்மில் போட்டால் அது விரிந்து 34 ஆகலாம். நடுவரின் தகடு அச்செழுத்தைப் பார்க்காது. எனவே உள்ளகலம் 19 மில்லிமீற்றர் உள்ளதைத் தேடினோம். சில்லின் விலை சில்லோடு முடிவதில்லை என்பது அடுத்த பாடம். ஒவ்வொரு சோடிக்கும் தனிப் பிறேக் தட்டு இரண்டு, பின் பல்சக்கரத் தொகுதி ஒன்று. இரண்டு சோடியும் ஒரே தயாரிப்பாக இருந்தும் தட்டுகள் மயிரிழை விலகி நின்றன. பிற்றில் மாற்றியதும் பிறேக் உரசினால் மாற்றிய பலன் போய்விடும். கழகத்து முதியவர் ஒருவர் காகிதம்போல் மெல்லிய வளையங்களைத் தட்டின் அடியில் வைத்துச் சமன் செய்யக் காட்டித் தந்தார். அதை நானே செய்தேன். எல்லாம் முடிய 1,800இல் 60 பிராங் மிஞ்சியது.

அடுத்தது ரயரின் பல். காய்ந்த புல்லுக்கும் மணலுக்கும் அரத்தின் முகம்போலப் பொடிப் பல். சேற்றுக்கு உயரமான, இடைவெளி விட்ட பல். பல்லுக்கிடையில் இடமிருந்தால்தான் சேறு ஒட்டிக்கொள்ளாமல் சுழற்சியில் பறக்கும். இரண்டுக்கும் நடுவே எல்லா நாளுக்கும் பொதுவான பல். நாங்கள் ஒரு சோடியில் பொதுப் பல்லும் மற்றதில் சேற்றுப் பல்லும் போட்டோம். பொடிப் பல்லை விட்டுவிட்டோம். இந்த நாட்டில் நொவெம்பரில் காய்ந்த புல்லை நம்பிக் காசு போட முடியாது. இரண்டு சோடி இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு, கலக்கலாம். முன்சில்லு வழுக்கினால் ஆள் விழுவான், பின்சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளிப்பான். அதனால் அரைகுறைச் சேற்றில் முன்னுக்குச் சேற்றுப் பல், பின்னுக்குப் பொதுப் பல்.

டிசெம்பரில் ஒரு ஞாயிறு. மகனின் அப்பாவுக்கு உணவகத்தில் வேலை. நானும் அவனும் ரயிலில் போனோம், இரண்டாவது சோடிச் சில்லு என் தோளில். காலையில் சீரோ பாகை, புல் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. போட்டி பதினொரு மணிக்கு. அதற்குள் வெயில் பட்ட பக்கம் இளகும், நிழல் பக்கம் இளகாது என்று தெரிந்தது. வீட்டில் 20 பாகைச் சூட்டில் 1.5 பார் வைத்துக்கொண்டு வந்தோம். குளிரில் காற்றுச் சுருங்கும். கணக்குப் போட்டால் 0.17 பார் குறைய வேண்டும். அளந்தபோது 1.35 காட்டியது. சாதாரணப் பம்பின் முள் இந்த அளவுகளில் நம்பத்தக்கதல்ல. மிஞ்சிய 60 பிராங்கில் வாங்கிய சிறிய அளவுமானிதான் இதைச் சொன்னது.

நான் பம்பை எடுத்தேன். “வேண்டாம், இப்பிடியே இருக்கட்டும்” என்றான். பயிற்சிச் சுற்றில் வேர் ஒன்றில் றிம் ஒருமுறை தட்டியதாக அவனே சொல்லியிருந்தான். “ஒருக்காத் தட்டினா அளவு சரி. ஒருக்காலும் தட்டேல்லையெண்டா காத்துக் கூட” என்றான். “தட்டுற இடத்தில வெடிச்சா?” என்றேன். அவன் தலைக்கவசத்தைக் கட்டிக்கொண்டே, கோபமில்லாமல், சொன்னான்: “அம்மா, நீங்க சொல்லுறது உடையாமப் போய்ச் சேர. எனக்குத் தரையப் பிடிக்க வேணும்.”

அந்த இரண்டு வசனங்களையும் அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தது உடையாமல் போய்ச் சேர. மொழி தெரியாமல், சமையலறைகளில், இரவு வேலைகளில், எல்லாவற்றையும் இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்தோம். சுமை அப்படி. அவனுக்கு அந்தச் சுமை இல்லை என்பது நாங்கள் இறுக்கிப் பிடித்ததன் பலன்தான். சுமையில்லாதவன் வேறு காற்றழுத்தம் கேட்பது நியாயம். பம்பைக் கீழே வைத்துவிட்டு, சேற்றுப் பல் சோடியைத் தூக்கிக்கொண்டு பிற்றுக்கு நடந்தேன்.

31 பேர் தொடங்கினார்கள். நிழல் பக்கச் சரிவில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று பேர் இறங்கி ஓடினார்கள். மகன் இறங்கவில்லை. அங்கே நான்கு பேரைக் கடந்து 14ஆவதாக வந்தபோது நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணினால் கை நடுங்கியது. நான்காவது சுற்றில் வெயில் பக்கம் முழுச் சேறானது. பிற்றுக்குள் திரும்பி “முன்னுக்கு!” என்று கத்தினான். நான் முன் அச்சைக் கழற்றி, சேற்றுப் பல் சில்லைப் போட்டு, இறுக்கி, தட்டிவிட்டேன். பிறேக் உரசவில்லை. ஆனாலும் அரை நிமிடம் போயிற்று. பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து விநாடியில் முழுச் சைக்கிளையே மாற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் 17ஆவதாக முடித்தான். காற்று இறங்கவில்லை.

ரயிலில் ஒப்பந்தத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. பருவத்தில் மூன்று போட்டி மீதம் இருந்தது. அவன் தன் கொப்பியை எடுத்து, எப்போதும்போல் டொச்சில் எழுதினான். ஊரின் பெயர், வெப்பநிலை, நிலத்தின் நிலை, ரயர், அழுத்தம். எழுதி முடித்ததும் கொப்பியை என் மடியில் வைத்துவிட்டு நித்திரையாகிவிட்டான். கடைசி வரியில், ‘அடுத்தமுறை தொடக்கத்திலேயே முன்னுக்குச் சேற்றுப் பல், 1.3’ என்றிருந்தது. அதற்குக் கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு, ‘அச்சு: அம்மா இன்னும் பழக வேண்டும்.’

அடுத்த நாள் இரவு, வேலை முடிந்து வந்து, கைபேசியில் விநாடி எண்ணிக்கொண்டு கெல்லரில் பழகத் தொடங்கினேன். இப்போது 19 விநாடி.